ஃபென்ஸ்லைன் என்றால் வேலியோரம்: சொல் விளக்கம்

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, ரசாயனத் தொழிற்சாலை பற்றிய ஆங்கிலச் செய்திகளில் ‘ஃபென்ஸ்லைன் கம்யூனிட்டி’, ‘ஃபென்ஸ்லைன் மானிட்டரிங்’ என்ற தொடர்கள் அடிக்கடி வருகின்றன. ஆலை வளாகம் முடிந்து ஊர் தொடங்கும் இடம் ஃபென்ஸ்லைன். அதை ஒட்டிக் குடியிருந்து, ஆலையின் புகையையும் வாயுக் கசிவையும் முதலில் சுவாசிக்கிறவர்கள் ஃபென்ஸ்லைன் கம்யூனிட்டி. அந்த இடத்தில் கருவி வைத்துக் காற்றை அளப்பது ஃபென்ஸ்லைன் மானிட்டரிங். தமிழில் வேலியோரம், வேலியோர மக்கள், வேலியோரக் கண்காணிப்பு.

ஆங்கில ‘ஃபென்ஸ்’, ‘டிஃபென்ஸ்’ என்ற சொல்லின் தலை தேய்ந்த வடிவம். காப்பு என்பது மூலப்பொருள். பயிரையும் மாட்டையும் காக்கப் போட்ட வேலிக்குப் புழங்கிய சொல்லுக்கு அமெரிக்கக் காற்று மாசு விதிகள் கனமான வேலை கொடுத்தன. அந்த விதிகளின்படி ‘சுற்றுப்புறக் காற்று’ என்பது கட்டடங்களுக்கு வெளியே, பொதுமக்கள் புழங்கக்கூடிய இடத்தில் உள்ள காற்று. நிறுவனம் தன் நிலத்தில் வேலி போட்டு மக்கள் நுழையாமல் தடுத்திருந்தால், வேலிக்கு உள்ளே இருக்கும் காற்று இந்தக் கணக்கில் சேராது. இ.பி.ஏ. எனப்படும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1980-ல் இதைத் தெளிவாக்கியது. வேலி, மதில் போன்ற தடுப்பு இல்லாவிட்டாலும் வேறு வழிகளில் மக்களை விலக்கி வைத்தால் போதும் என்று 2019-ல் தளர்த்தியது. காற்றுத் தரம் பொருந்துகிறதா என்று பார்ப்பது வேலிக்கு வெளியே மட்டுமே என்பதால், கூடுதல் நிலம் வாங்கி வேலியைத் தள்ளிப் போட்டால் புகைபோக்கியில் எதுவும் மாறாமலே கணினிக் கணிப்பில் மாசின் அளவு குறைந்து தெரியும். வேலி எங்கே நிற்கிறது என்பது வேலியோர மக்களுக்கு உயிர்ப் பிரச்சினையாவது இதனால்தான்.

சொல்லின் அரசியல் பொருள் சுற்றுச்சூழல் நீதி இயக்கத்தில் வளர்ந்தது. 1982-ல் வட கரோலினாவின் வாரன் கவுன்ட்டியில், பி.சி.பி. நச்சு கலந்த மண்ணைக் கொட்டும் கிடங்கைக் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதியில் அமைத்ததை எதிர்த்து 500-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். யார் வீட்டுப் பக்கத்தில் நஞ்சைக் கொட்டுகிறீர்கள், அதை யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள் என்ற இரண்டு கேள்விகளும் அங்கிருந்து நாடு முழுக்கப் பரவின. லூசியானாவின் நார்கோ ஊரில் டயமண்ட் குடியிருப்பு நான்கே தெரு. ஒரு பக்கம் ஷெல் ரசாயன ஆலை, மறு பக்கம் சுத்திகரிப்பு ஆலை. அங்கே போராடிய மார்ஜி ரிச்சர்டும் அவருடைய அண்டை வீட்டாரும் 2002-ல் மாற்றிடத்துக்குப் போகும் இழப்பீட்டு ஒப்பந்தத்தைப் பெற்றார்கள். 2004-ல் அவருக்குக் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

வேலியோர மக்களின் கையில் இருந்த கருவி ஒரு பிளாஸ்டிக் வாளி. கலிபோர்னியாவின் ரோடியோவில் 1994-ல் ஒரு சுத்திகரிப்பு ஆலையிலிருந்து 16 நாள் ரசாயனம் கசிந்த பிறகு, அங்குள்ள மக்களுக்காக உருவானது இது. ஐந்து கேலன் வாளியின் மூடியைக் காற்றுப் புகாமல் அடைத்து, உள்ளே டெட்லார் எனும் காற்று மாதிரிக்கான பிளாஸ்டிக் பை ஒன்றை வைப்பார்கள். பையின் வாய் வால்வு வழியாக வெளியே நீளும். சிறிய பம்ப் வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்ச, உள்ளே அழுத்தம் குறைந்து, வெளிக்காற்று பைக்குள் தானாக நிறையும். மாதிரிக் காற்று பம்பைத் தொடுவதே இல்லை என்பதால் பம்பின் அழுக்கு அதில் கலக்காது. பையை வெயில் படாமல் வைத்து, தாமதிக்காமல் ஆய்வகம் சேர்க்க வேண்டும். கந்தக வாயுக்கள் பையில் வேகமாகச் சிதைந்துபோகும். ஒரு நாளைத் தாண்டினால் அந்த முடிவை யாரும் ஏற்க மாட்டார்கள். எந்த நேரம், காற்று எந்தத் திசை, என்ன வாடை, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற குறிப்பு இல்லாத மாதிரியும் அப்படித்தான்.

இதே வாளி 2004-ல் கடலூர் சிப்காட்டுக்கு வந்தது. ஈச்சங்காடு, குடிகாடு போன்ற ஊர்க்காரர்கள் பயிற்சி பெற்று, வாடை எழும்போதெல்லாம் நாட்குறிப்பில் பதிந்து, மாதிரி எடுத்து அனுப்பினார்கள். அந்த ஆண்டு வெளியான அவர்களது அறிக்கையில் 22 ரசாயனங்கள் இடம்பெற்றன. அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்குபவை. வாளியின் பலவீனம், அது சில நிமிடக் காற்றை மட்டுமே பிடிக்கும். ‘அந்த நேரம் மட்டும் அப்படி’ என்று நிறுவனம் சொல்லிவிட முடியும். ஆண்டு முழுக்க அளக்க வேண்டியது ஆலையின் கடமை என்று விதியே சொன்னால்தான் இதற்கு முடிவு.

அமெரிக்காவில் அப்படி ஒரு விதி வந்தது. சுத்திகரிப்பு ஆலை விதிகளைத் திருத்த வேண்டிய கெடுவை இ.பி.ஏ. தவறவிட்டபோது, 2012-ல் வேலியோர அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2014-ல் வரைவு வெளிவந்தது. கருத்துக் கேட்புக் கூட்டங்கள் வாஷிங்டனில் நடக்கவில்லை. லாஸ் ஏஞ்சலிஸின் வில்மிங்டன், ஹூஸ்டனை ஒட்டிய கலீனா பார்க் என்று ஆலைகள் சூழ்ந்த ஊர்களிலேயே நடந்தன. 2015-ல் இறுதி விதி வந்தது; 2018 ஜனவரிக்குள் கண்காணிப்பைத் தொடங்க வேண்டும் என்றது.

அந்த விதி சொல்லும் கருவி விரல் நீள எஃகுக் குழாய். சுமார் 9 செ.மீ. நீளம், பென்சிலைவிடச் சற்று மெலிது. உள்ளே உறிஞ்சு பொருள், மேலே மழை மறைப்பு. தரையிலிருந்து 1.5 முதல் 3 மீட்டர் உயரத்தில், ஆலையைச் சுற்றிலும், பரப்புக்கு ஏற்ப 12, 18 அல்லது 24 இடங்களில் தொங்கவிட்டு 14 நாளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். அளப்பது, புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன். ஒவ்வொரு சுற்றிலும் மிக அதிகமான அளவிலிருந்து மிகக் குறைந்த அளவைக் கழித்தால், சுற்றிலும் ஏற்கெனவே பரவியிருக்கும் பொதுப் பின்னணி நீங்கி, பெரும்பாலும் இந்த ஆலையின் பங்கு மிஞ்சும். 26 சுற்றுகளின், அதாவது ஓராண்டின், சராசரி கன மீட்டருக்கு 9 மைக்ரோகிராமைத் தாண்டினால் 5 நாளுக்குள் காரணம் தேடத் தொடங்கி, 45 நாளுக்குள் முதல் திருத்தத்தைச் செய்ய வேண்டும். இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுத் தரத்தில் பென்சீனின் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராம். இரண்டையும் நேராக ஒப்பிடுவது தவறு. அங்கே பின்னணி கழிக்கப்படுகிறது, இங்கே கழிக்கப்படுவதில்லை. இந்த முறையின் பெரிய ஓட்டை, 14 நாள் சராசரிக்குள் ஒரு மணி நேரக் கசிவு கரைந்துபோவது. கலிபோர்னியா 2017-ல் தனிச் சட்டம் போட்டு, உடனுக்குடன் அளவைக் காட்டும் கருவிகளைச் சுத்திகரிப்பு ஆலைகளின் வேலியில் வைக்கச் சொன்னது.

விதியாக்கத்தில் மக்கள் பங்கு என்பது வெறும் மனு கொடுப்பதல்ல. அமெரிக்கத் தூய காற்றுச் சட்டப்படி, முக்கியமான ஒவ்வொரு கருத்துக்கும் முகமை எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டம் முடிந்த பிறகும், மேலும் கருத்துகளைச் சேர்க்க 30 நாள் கோப்பைத் திறந்து வைக்க வேண்டும். கருத்துக் காலத்தில் போதிய விவரத்தோடு எழுப்பாத குறையைப் பிறகு நீதிமன்றத்தில் எழுப்ப முடியாது. வழக்குக்கு 60 நாள்தான் கெடு. ஆகவே கோப்பு எண், மாற்ற வேண்டிய உட்பிரிவு, வேண்டிய வாசகம், அதற்கான அளவீடு நான்கும் உள்ள ஒரு பக்கக் கடிதம், ஒரே வாசகத்தில் வரும் ஆயிரம் மின்னஞ்சலைவிட வலியது. ஒரே வாசகம் என்றால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில்தான் வரும். சுற்றுச்சூழல் நீதிக்கான 1994-ஆம் ஆண்டு அதிபர் ஆணை 2025 ஜனவரியில் ரத்தானது. சட்டத்திலேயே எழுதப்பட்ட இந்தக் கருத்துரிமைகளை அந்த ரத்து தொடவில்லை.

இந்தியாவில் சுற்றுச்சூழல் விதி வரைவு அரசிதழில் வந்தால் ஆட்சேபனைக்கு 60 நாள். மொழிதான் முதல் தடை. 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிடும்படி தில்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. தமிழில் நிலையான கலைச்சொல் வேண்டும் என்று வற்புறுத்துவதும் இதற்காகவே.

ஃபென்ஸ்லைனை ‘எல்லைக்கோடு’ என்று எழுதினால் அது நாட்டெல்லையை நினைவூட்டும். ‘சுற்றுப்புற மக்கள்’ என்றால் பத்து கிலோமீட்டர் தள்ளி இருப்பவரும் சேர்ந்துவிடுவார். ‘பாதிக்கப்பட்ட மக்கள்’ என்று எழுதினால் பாதிப்பை நிரூபித்துவிட்டு வா என்பார்கள். வேலியோரம் என்று காட்ட, வேலியிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்று அளக்க ஓர் அளவுநாடா போதும். நம் ஆலைகளுக்கு மதில்தானே என்று சிலர் கேட்கலாம். காப்பாக நிற்கும் எதையும் வேலி என்பது தமிழ் வழக்கு. சொல் மதிலையும் தாங்கும்.

கூடவே வரும் ‘ஆக்‌ஷன் லெவல்’ என்பதை வரம்பு என்று எழுதக் கூடாது. 9 மைக்ரோகிராமைத் தாண்டுவது மட்டும் விதிமீறல் ஆகாது. தாண்டிய பின் தேடாமலும் திருத்தாமலும் இருப்பதே மீறல். ‘நடவடிக்கை அளவு’ பொருந்தும். ‘ஃபிரண்ட்லைன் கம்யூனிட்டி’ வேறு. வெள்ளம், வெப்பம் உட்பட எந்தச் சூழல் கேட்டிலும் முதலில் அடிபடுகிறவர்களை அது குறிக்கும். அதை ‘முதல் வரிசை மக்கள்’ என்று எழுதலாம்.