ஆர் பேஸில் எத்தனை வீடு?

மே மாதம், இரவு பதினொன்றே கால். போனில் ஒரு அம்மா: "சார், எங்க வீட்ல மட்டும் கரண்ட் இல்ல. எதிர் வீட்ல ஏசி ஓடுது. பக்கத்து வீட்ல லைட் எரியுது. எங்களுக்கு மட்டும் என்ன பாவம்?"

மின் விநியோக வேலையில் இருபத்து நான்கு வருஷம் இருந்தவனுக்கு இந்தக் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஒரு பேஸ் போயிருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தெருவுக்கு மூன்று பேஸ், அதாவது கரண்ட் வரும் மூன்று தனிக் கம்பிகள், வருகிறது. ஆர், ஒய், பி என்போம். மூன்றில் ஒன்றின் ஃபியூஸ் உருகினால் அந்த பேஸில் இருக்கும் வீடுகள் மட்டும் இருட்டாகும். மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

வேளச்சேரிக்குத் தெற்கே, ஏரிக்கரையை ஒட்டி வளர்ந்த தெருக்களில் ஒன்று அது. 250 கேவிஏ திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மர். போய்ப் பார்த்தால் ஆர் பேஸ் ஃபியூஸ் உருகியிருந்தது, எதிர்பார்த்ததுதான். நாங்கள் போய்ச் சேருவதற்குள் ஒய் பேஸும் தன் அளவைத் தாண்டியிருந்தது. காரணம், அடுக்குமாடி வீடுகளில் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பேஸ் மாற்றும் சுவிட்ச். ஒரு பேஸ் போனதும் எல்லோரும் கீழே இறங்கி வந்து அதைத் திருப்பிவிடுகிறார்கள். ஒரு வீடு செய்தால் சாமர்த்தியம். இருபது வீடு செய்தால் அரை மணி நேரத்தில் இரண்டாவது ஃபியூஸும் போகும். அப்புறம் மூன்றாவது. "தெரு முழுக்க கரண்ட் போச்சு" என்ற புகார்களில் கணிசமானவை இப்படித் தவணை முறையில் வந்தவை.

மறுநாள் அதே நேரத்துக்கு, கம்பியைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் அளக்கும் டாங் டெஸ்டரோடு போனேன். ஆர் பேஸில் 385 ஆம்பியர், ஒய்யில் 190, பியில் 140. 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் ஒரு பேஸுக்குச் சுமார் 333 ஆம்பியர் தாங்கும், மூன்றும் சேர்த்து ஆயிரம். அங்கே ஓடியது மொத்தம் 715. நான்கில் மூன்று பங்குகூட நிரம்பவில்லை. ஆனாலும் ராத்திரிக்கு ராத்திரி ஃபியூஸ் போகிறது. பஸ்ஸில் இடது பக்க சீட்டில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு, வலது பக்கம் காலியாகக் கிடந்தால் எப்படியோ அப்படி.

தெருவாசிகள் கேட்டது புது டிரான்ஸ்ஃபார்மர். மனு எழுதி, கையெழுத்து வாங்கி வைத்திருந்தார்கள். சரி, எங்கே வைப்பது? இந்தக் கேள்வி வந்ததும் கூட்டம் மெல்லக் கலையும். டிரான்ஸ்ஃபார்மர் எல்லோருக்கும் வேண்டும், ஆனால் தன் வீட்டு வாசலில் யாருக்கும் வேண்டாம்.

பேஸ் சமநிலை என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். கம்பியில் வீணாகும் மின்சாரம் ஆம்பியரின் இருமடிக்கு ஏற்ப ஏறும். ஆம்பியர் இரட்டிப்பானால் இழப்பு நான்கு மடங்கு. அந்த 715 ஆம்பியரை மூன்று பேஸிலும் சமமாகப் பிரித்திருந்தால் நியூட்ரலில், அதாவது கரண்ட் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பிப்போகும் நான்காவது கம்பியில், ஏறத்தாழ ஒன்றுமே ஓடாது. அன்று இருந்த நிலையில், கணக்குப் போட்டால், நியூட்ரலில் மட்டும் 220 ஆம்பியருக்கு மேல் ஓடியிருக்கும். நான்கு கம்பியும் ஒரே தடிமன் என்று வைத்துக்கொண்டால்கூட, மொத்த இழப்பு சமநிலையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பல பழைய லைன்களில் நியூட்ரல் கம்பி மெல்லியது, அங்கே இன்னும் மோசம். யாரும் திருடாமலே, எந்தச் சாதனமும் பழுதாகாமலே, கம்பியைச் சூடாக்குவதற்கு மட்டும் இவ்வளவு யூனிட் போகிறது.

அப்படிச் சூடான நியூட்ரல் இணைப்பு ஒருநாள் கழன்றால் என்ன ஆகும் என்பதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நியூட்ரல் அறுந்தால் ஒரு பேஸில் இருக்கும் வீடும் இன்னொரு பேஸில் இருக்கும் வீடும் 400 வோல்ட்டுக்கு நடுவே வரிசையாக மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் கீசர், இரண்டு கிலோவாட். இன்னொரு பக்கம் டிவியும் இரண்டு ஃபேனும், இருநூறு வாட். லோடு குறைவாக இருக்கும் வீட்டுக்குத்தான் வோல்டேஜ் ஏறும். இந்தக் கணக்கில் டிவி வீட்டுக்கு 360 வோல்ட்டுக்கு மேல் வரும். கீசர் வீட்டில் தண்ணீரே சூடாகாது. ஒருமுறை அப்படி ஒரு தெருவுக்குப் போனபோது, வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் கருகிய வாசனை. ஒரு வீட்டில் பாட்டி மட்டும் தப்பித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று ராத்திரியில் மெயினை அணைத்துவிட்டுப் படுப்பது அவர் வழக்கமாம்.

பல்பு திடீரென்று கண்ணைக் கூசும் அளவுக்கு எரிந்தாலோ, ஃபேன் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினாலோ, யோசிக்காமல் மெயினை அணையுங்கள். புகார் சொல்வதெல்லாம் அப்புறம். அதிக வோல்டேஜ் வந்தால் தானே துண்டிக்கும் ரிலே ஒன்றை மெயின் போர்டில் போட்டுக்கொள்வதும் நல்லது. டிவிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டை மாற்றும் செலவைவிட அது குறைவுதான்.

அந்த ஏரிக்கரைத் தெருவுக்குத் திரும்புவோம். ஏன் ஆர் பேஸில் இவ்வளவு கூட்டம்? யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஒவ்வொரு புது இணைப்பும் வரும்போது லைன்மேன் கம்பத்தில் ஏறி, கைக்கு வசதியான கம்பியில் சர்வீஸ் வயரைக் கட்டியிருப்பார். இருபது வருஷத்தில் அது அப்படிச் சேர்ந்துவிட்டது. எந்த வீடு எந்த பேஸ் என்று எந்த ஆவணத்திலும் இல்லை. நுகர்வோர் எண் இருக்கிறது, கதவு எண் இருக்கிறது, கட்டண விவரம் பைசா சுத்தமாக இருக்கிறது. பேஸ் மட்டும் இல்லை.

இருந்தது ஒரே இடத்தில். எங்கள் லைன்மேனின் சட்டைப்பையில், ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சின்ன நோட்டில். "பச்சை கேட் - ஒய்", "டாக்டர் வீடு - ஆர்", "நாய் வீடு - ஆர்" என்று பென்சிலில் எழுதியிருப்பார். பச்சை கேட்டுக்கு இப்போது நீலப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். அந்த நாயும் செத்து மூன்று வருஷம் ஆகிவிட்டதாம். அந்த நோட்டை வைத்துப் பாதி வீடுகளைக் கண்டுபிடித்தோம். மீதிக்குப் பழைய வழிதான்: முன்கூட்டியே சொல்லிவிட்டு, காலை பத்து மணிக்கு ஒரு பேஸ் ஃபியூஸை இரண்டு நிமிஷம் எடுப்பது, எந்த வீட்டில் கரண்ட் போகிறது என்று இரண்டு பேர் தெருவில் நடந்து குறிப்பது. "மாவு அரைக்கிற நேரம் பார்த்துத்தான் எடுப்பீங்களா?" என்று மூன்று வீட்டில் திட்டு வாங்கினோம். நியாயம்தான்.

அப்புறம் இரண்டு சாயங்காலம், ஒரு ஏணி, மூன்று பேர். பதினாறு வீடுகளை ஆரிலிருந்து எடுத்து மற்ற இரண்டுக்கும் பிரித்துக் கட்டினோம். அடுத்த வாரம் அதே நேரத்தில் அளந்தபோது மூன்று பேஸும் 225க்கும் 250க்கும் நடுவில் இருந்தன. அந்தக் கோடையில் அங்கே ஃபியூஸ் போகவில்லை.

ஸ்மார்ட் விநியோகம் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். கருத்தரங்குகளில் பெரிய திரையில் நகர வரைபடம் பச்சையும் சிவப்பும் மின்னும். எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. மத்திய அரசு 2021இல் தொடங்கிய மறுசீரமைக்கப்பட்ட விநியோகத் திட்டத்தின் மொத்த மதிப்பு 3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதைத் தொடங்கும்போது வைத்த இலக்கு 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள். சென்னை தியாகராய நகரில் லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்கள் ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது. ஆனால் ஸ்மார்ட் மீட்டர் என்றதும் பொதுவாகப் பேசப்படுவது ஆள் வராமலே ரீடிங் எடுக்கலாம் என்பதுதான். அது இதன் ஆகச் சின்னப் பயன்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுத்தால் ஒரு வீட்டைப் பற்றி வருஷத்துக்கு 6 எண்கள் கிடைக்கும். அரை மணிக்கு ஒன்று என்றால் 17,520. அதைவிட முக்கியம், அந்த மீட்டர் யூனிட்டை மட்டும் பதிவு செய்வதில்லை, வோல்டேஜையும் பதிவு செய்கிறது. ஒரே பேஸில் இருக்கும் வீடுகளின் வோல்டேஜ் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். டாக்டர் வீட்டு ஏசி ஓடத் தொடங்கும்போது நாய் வீட்டிலும் இரண்டு வோல்ட் குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை ஒப்பிட்டே எந்த வீடு எந்த பேஸ், எந்த டிரான்ஸ்ஃபார்மர் என்று கணினியே பிரித்துச் சொல்லிவிடும். ஃபியூஸைப் பிடுங்க வேண்டாம், திட்டும் வாங்க வேண்டாம். கரண்ட் போனதும் பல மீட்டர்கள் கடைசி மூச்சாக ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் அணையும். அந்த அம்மா போனை எடுப்பதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒன்று மட்டும். வீடுகளுக்கு மீட்டர் மாட்டினால் போதாது, டிரான்ஸ்ஃபார்மரின் மூன்று பேஸுக்கும் ஒரு மீட்டர் வேண்டும். அதையும் அதன் கீழிருக்கும் வீடுகளையும் சரியாக இணைத்துப் பதிய வேண்டும். இந்த இணைப்பு தப்பாக இருந்தால் லட்சம் மீட்டர் இருந்தும் வெறும் எண் குப்பைதான். நிதி ஒதுக்கும்போது கருவிக்குக் கிடைக்கும் மரியாதை இந்த நடந்து திரிந்து பதியும் வேலைக்குக் கிடைப்பதில்லை. என் மனக்குறை இதுதான்.

நகரம் வேறு சும்மா இருப்பதில்லை. ஒரு கிரவுண்டில் ஒரு தனி வீடு, இரண்டு ஃபேன், ஒரு ஃப்ரிட்ஜ் இருந்த இடத்தில் இப்போது கீழே பார்க்கிங், மேலே எட்டு வீடு, வீட்டுக்கு மூன்று ஏசி, ஒரு லிஃப்ட். தெருக்கம்பி மட்டும் பழையது. தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே 2ஆம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டது. உற்பத்தி இருந்தது, மின்சாரமும் வந்து சேர்ந்தது. கடைசி நூறு மீட்டரில்தான் சிக்கிக்கொள்கிறது.

உயரழுத்தப் பக்கம் வேலை ஓரளவு நடக்கிறது. ஆர்.எம்.யு. (ரிங் மெயின் யூனிட்) என்ற சுவிட்ச் பெட்டிகளைத் தெருவோரம் பார்த்திருப்பீர்கள். 11 ஆயிரம் வோல்ட் கேபிளை வளையமாக ஓடவிட்டு, ஒரு துண்டில் பழுது வந்தால் அதை மட்டும் கழற்றிவிட்டு மறுபக்கத்திலிருந்து கொடுக்கலாம். முன்பு ஒருவர் பெட்டி பெட்டியாக அலைந்து பழுதைத் தேடுவார். ஸ்காடா என்ற தொலைக் கட்டுப்பாட்டுக் கணினி அமைப்போடு இணைத்த இடங்களில் உட்கார்ந்த இடத்திலிருந்தே மாற்றலாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வீடுகளுக்குக் கேபிள் பிரியும் தெருவோரப் பில்லர் பாக்ஸ்கள் தண்ணீரில் நின்றதால் பாதுகாப்புக்காகப் பெரிய பெரிய பகுதிகளுக்கு மின்சாரத்தை நிறுத்த வேண்டியிருந்தது. துண்டுகள் சிறியதாக இருந்தால் தண்ணீர் ஏறாத தெருவும் சேர்ந்து இருட்டில் கிடக்க வேண்டாம்.

இனி வருவது சோலாரும் மின்வண்டியும். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் கூரை சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும் பலரும் போடுகிறார்கள், நல்லதுதான். ஒரே பேஸில் பன்னிரண்டு வீடு தலா 3 கிலோவாட் போட்டால் நடுப்பகலில் அந்த ஒரு பேஸுக்குள் 150 ஆம்பியருக்கு மேல் தெருவை நோக்கித் திரும்பி வரும். பகலில் ஆபீஸ் போய்விடுகிறோம், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. தெருக்கோடியில் வோல்டேஜ் 250ஐத் தாண்டும், இன்வெர்ட்டர் தற்காப்புக்கு அணைந்துகொள்ளும். "வெயில் கொளுத்துது, சோலார் ஓடலையே" என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் பேனலில் கோளாறு இருக்காது.

நேரத்துக்கு ஏற்ற கட்டணம் என்று 2023இல் மத்திய அரசு விதி திருத்தியிருக்கிறது. சூரிய ஒளி நேரத்தில் 10 முதல் 20 சதவீதம் குறைவு, உச்ச நேரத்தில் அதே அளவு கூடுதல், ஸ்மார்ட் மீட்டர் வந்தபின் நடைமுறைக்கு. மே மாத ராத்திரி பதினொரு மணிக்கு கட்டணத்துக்குப் பயந்து சென்னையில் யாரும் ஏசியை அணைக்கப்போவதில்லை. வண்டி சார்ஜிங்கை நகர்த்தலாம், அது காத்திருக்கும். ஆனால் கட்டணம் இறங்கும் அதே நிமிஷத்தில் தெருவில் உள்ள அத்தனை சார்ஜரும் ஒன்றாக விழித்துக்கொண்டால் நாமே புது உச்சத்தைச் செய்ததாகிவிடும். வண்டியின் செயலியில் நேரம் வைக்கும்போது பத்து மணி என்று முழுசாக வைக்காமல் பத்து இருபது, பதினொன்று நாற்பது என்று வையுங்கள். சார்ஜர் வாங்குவதற்கு முன் மின் கட்டண அட்டையில் உங்கள் அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்று பார்த்து, போதவில்லை என்றால் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பியுங்கள். அபராதத்துக்குப் பயந்து சொல்லவில்லை. நீங்கள் விண்ணப்பித்தால்தான் உங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் கூடப்போகும் லோடு எங்கள் கணக்கில் ஏறும்.

போன மாதம் அதே தெருவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். புது மின்கார், 7 கிலோவாட் சார்ஜர், வீட்டுக்கு மூன்று பேஸும் வரும் மும்முனை இணைப்பு. எலக்ட்ரீஷியன் எந்த பேஸில் போடுவது என்று கேட்கிறாராம், ஏதாவது ஒன்றில் போட்டுவிடலாமா என்றார். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, லைன்மேனின் நோட்டிலிருந்து நாங்கள் தட்டச்சு செய்து வைத்திருந்த பட்டியலைத் திறந்து பார்த்தேன். பியில் போடச் சொன்னேன்.