செருகியதும் லினக்ஸ் என்ன கேட்கிறது?

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, ராமநாதபுரம் கடற்கரையில் எத்தனையோ வீடுகளில் ஒரு பழைய மடிக்கணினி பரணில் கிடக்கிறது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கியதாக இருக்கும், இல்லை வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்ததாக இருக்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தப் பழைய கணினிகளில் பெரும்பாலானவற்றை ஏற்பதில்லை. லினக்ஸ் மின்ட், லுபுண்டு மாதிரி லினக்ஸ் வகைக் கட்டற்ற இயங்குதளம் ஒன்றைப் போட்டால் இவை இன்னும் சில வருடம் நன்றாகவே உழைக்கும்.

இயங்குதளத்துக்குச் செலவில்லை. செலவு வருவது அதற்கப்புறம் வாங்கும் வைஃபை டாங்கிள் (யுஎஸ்பி துளையில் செருகும் சிறு வைஃபை கருவி), வெப்கேம், பிரிண்டரில்தான். “லினக்ஸ்ல இதெல்லாம் ஓடாதுங்க” என்று கடையில் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். சில பொருட்களுக்கு அது உண்மை, பலவற்றுக்கு உண்மையே இல்லை. எதற்கு உண்மை என்று வாங்கும் முன்பே கண்டுபிடிக்க முடியும். அதற்கு, ஒரு பொருளை யுஎஸ்பி துளையில் செருகிய அந்த நொடியில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் போதும்.

யுஎஸ்பி 2 வகைப் பொருள் ஒன்றைச் செருகியதும், அதற்குள் இருக்கும் 1.5 கிலோ ஓம் மின்தடை ஒன்று, தகவல் போகும் இரண்டு கம்பிகளில் ஒன்றின் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. ஏதோ வந்திருக்கிறது என்று கணினி அதை வைத்துத்தான் உணர்கிறது. உடனே “நீ யார்?” என்று கேட்கிறது. பதிலாக 18 பைட் நீளமுள்ள ஒரு சிறு குறிப்பு வருகிறது. அதில் தயாரிப்பாளர் எண் ஒன்றும் பொருள் எண் ஒன்றும் இருக்கும். விசைப்படகின் பதிவு எண்ணைப் பார்த்தால் எந்த மாவட்டத்துப் படகு, அதில் எந்தப் படகு என்று தெரிந்துவிடுகிறதே, அப்படித்தான் இந்த எண் ஜோடியும். அட்டைப்பெட்டியில் என்ன பெயர் அச்சடித்திருந்தாலும் லினக்ஸுக்குக் கவலையில்லை. அது பார்ப்பது இந்த எண்களைத்தான்.

லினக்ஸின் கருவான கெர்னலோடு ஆயிரக்கணக்கான டிரைவர்கள், அதாவது ஒவ்வொரு பொருளையும் இயக்கத் தெரிந்த சிறு மென்பொருள்கள், சேர்ந்தே வருகின்றன. எந்த டிரைவருக்கு எந்த எண்கள் தெரியும் என்ற பட்டியலும் கூடவே இருக்கிறது. வந்த எண் பட்டியலில் இருந்தால், அந்த டிரைவர் தானாக ஏறிக்கொள்ளும். சிடியும் வேண்டாம், இணையத்தில் தேடி இறக்கவும் வேண்டாம். விண்டோஸில் டிரைவரைத் தயாரிப்பாளர் கொடுத்துவிடுவார். லினக்ஸில் பெரும்பாலும் அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எண் பட்டியலில் இல்லாவிட்டாலும் இன்னொரு வழி உண்டு. பொருள் தன் வகுப்பு எண்ணையும் சொல்கிறது. ஒலிக் கருவி 1, கீபோர்டு, மவுஸ் போன்றவை 3, பிரிண்டர் 7, பென்டிரைவ் 8, வீடியோ 14. ஒரே வகுப்புப் பொருட்கள் எல்லாம் பொதுவான ஒரே மொழியைப் பேச வேண்டும் என்பது விதி. அதனால் 200 ரூபாய் மவுஸாக இருந்தாலும், பெயரே கேள்விப்படாத நிறுவனத்துடையதாக இருந்தாலும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கடைகளில் பார்கோடு படிக்கும் கருவிகூடப் பெரும்பாலும் தன்னைக் கீபோர்டு என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. படித்த எண்ணைத் தட்டச்சு செய்வதுபோல அனுப்பிவிடுகிறது, அவ்வளவுதான். வெப்கேம் பொது மொழிக்கான டிரைவர் 2008-இல் வந்த 2.6.26 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. பெட்டியில் அந்தப் பொது மொழியின் பெயரான ‘யுவிசி’ (UVC) என்றோ ‘டிரைவர் தேவையில்லை’ என்றோ போட்டிருந்தால் தயங்க வேண்டாம்.

தமிழ் எழுத்து பொறித்த கீபோர்டைத் தேடி அலைகிறவர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. கீபோர்டு எழுத்தை அனுப்புவதே இல்லை, எந்தக் கட்டை அழுந்தியது என்ற எண்ணை மட்டும்தான் அனுப்புகிறது. ஆங்கில ‘ஏ’ கட்டையை அழுத்தினால் போவது 4. தமிழ்99 என்ற தட்டச்சு அமைப்பு அதை ‘அ’ என்று எழுதுகிறது. இந்த மாற்றம் முழுக்க மென்பொருளில் நடப்பதால், இருக்கிற கீபோர்டே போதும்.

255 என்று ஒரு வகுப்பு எண் இருக்கிறது. ‘எனக்கென்று தனி மொழி, பொது மொழி தெரியாது’ என்று அர்த்தம். தொல்லை ஆரம்பமாவது இங்கேதான். வைஃபை டாங்கிள்கள் அநேகமாக எல்லாமே இந்த ரகம். ஒவ்வொரு சில்லுக்கும் தனி டிரைவர் வேண்டும், பலவற்றுக்குச் சில்லுக்குள் ஏற்ற ஃபர்ம்வேர் கோப்பும் (சில்லே ஓட்டும் நிரல்) வேண்டும். இதைவிட மோசம், ஒரே பெயரில் சில்லு மாறிவிடுவது. டிபி-லிங்க் நிறுவனத்தின் டபிள்யூஎன்722என் டாங்கிளின் முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9271 சில்லு இருந்தது. லினக்ஸில் அருமையாக ஓடும், அதன் ஃபர்ம்வேரின் மூலநிரலே வெளியிடப்பட்டது. இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சில்லு வந்துவிட்டது. மாடல் பெயர் அதே, ஆனால் லினக்ஸ்காரர்களுக்கு அது வேறு பொருள். பழைய பதிப்பைப் புகழ்ந்து எழுதியதைப் படித்துவிட்டுப் புதியதை வாங்கி ஏமாந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. எனவே கேட்க வேண்டியது மாடலை அல்ல, சில்லையும் பதிப்பு எண்ணையும்.

மீடியாடெக் எம்டி7601யு சில்லுக்கு 2015-இல் வந்த 4.2 கெர்னலிலிருந்தே டிரைவர் உள்ளேயே இருக்கிறது. வேகம் சுமார்தான், 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், ஆனால் மலிவு. 5 கிகாஹெர்ட்ஸும் வேண்டுமென்றால் எம்டி7612யு நல்லது. ரியல்டெக் 8821சியு, 8822பியு சில்லுகளுக்கு 2023-இல் வந்த 6.2 கெர்னலில்தான் உள் டிரைவர் கிடைத்தது. கெர்னலுக்கு வெளியே கிடைக்கும் டிரைவரை நாமே தொகுத்துப் போடலாம் என்பது சரிதான், ஆனால் அடுத்த கெர்னல் புதுப்பிப்பில் அது உடைந்து போக வாய்ப்பு அதிகம். கணினி பழகாதவர் வீட்டுக்கு அப்படிப்பட்ட டாங்கிளை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். உடனடித் தேவைக்கு ஆண்ட்ராய்டு போனையே கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் (போனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் வசதி) போடுங்கள். பைசா செலவில்லாத நெட்வொர்க் கருவி அது.

பிரிண்டர் கதை வேறு மாதிரி. வகுப்பு எண் 7 என்று ஒழுங்காகச் சொல்லும், ஆனால் பக்கத்தை எந்த மொழியில் அனுப்ப வேண்டும் என்பதை அந்த வகுப்பு எண் சொல்லிவிடுவதில்லை. மலிவு லேசர் பிரிண்டர்களில் பலவற்றுக்குச் சொந்த மூளை குறைவு, பக்கத்தை வரையும் வேலை முழுக்கக் கணினியின் தலையில் விழுகிறது. ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் பார்க்கும் கேனன் எல்பிபி2900 தனக்கென ஒரு மூடிய மொழியைப் பேசுகிறது. ஹெச்பி லேசர்ஜெட் 1020-க்கு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஃபர்ம்வேரைக் கணினி அனுப்ப வேண்டும். இரண்டையும் லினக்ஸில் ஓட வைக்கலாம், பொறுமை வேண்டும். புதிதாகவோ பழையதாகவோ வாங்குகிறீர்கள் என்றால் ‘ஏர்பிரிண்ட்’ என்று போட்ட மாடலைத் தேடுங்கள். ஐபோனுக்காக வந்த வசதி அது. ஆனால் டிரைவரே இல்லாமல் அச்சடிக்கும் அந்தப் பொது மொழி லினக்ஸுக்கும் தெரியும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவிலிருந்து பிரிண்டர் கொண்டுவருகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: சில நிறுவனங்களின் பிரிண்டர்கள் இந்த வட்டாரத்து மைக்குப்பியை ஏற்காதபடி பூட்டப்பட்டிருக்கும்.

கடையில் சோதிப்பது சுலபம். மின்ட் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றைக் கையில் கொண்டு போங்கள். கடைக் கணினியை அதிலிருந்து துவக்கினால் வன்தட்டில் எதுவும் மாறாது. பொருளைச் செருகி டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்தில் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) என்ற கட்டளையைக் கொடுத்தால் அந்த எண் ஜோடி தெரியும். எண்ணை வைத்து இணையத்தில் தேடினால் சில்லின் பெயர் கிடைத்துவிடும். அதற்குக் கடைக்காரர் சம்மதிக்காவிட்டால், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரிலும் அதே எண்களைப் பார்க்கலாம்.

கடைசியாக, நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம். நேற்று வரை ஓடிய டாங்கிள் இன்று விட்டுவிட்டு வேலை செய்தால் எல்லோரும் லினக்ஸைத்தான் குறை சொல்வார்கள். பாம்பனிலும் மண்டபத்திலும் காற்றோடு வரும் உப்புத்துகள் யுஎஸ்பி துளைக்குள்ளும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை உறிஞ்சிக் கரைசலாகிறது. மலிவுப் பொருட்களில் உலோகத் தொடுமுனையின் தங்கப்பூச்சு மிக மெல்லியது, அதன் நுண்துளைகள் வழியாக அரிப்பு உள்ளே இறங்குகிறது. டிரைவர் பிரச்சினையா, உப்புப் பிரச்சினையா என்று கெர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெஸ்ஜி (dmesg) கட்டளை காட்டிக்கொடுக்கும். அதில் பிழை எண் -71 திரும்பத் திரும்ப வந்தால், கணினியின் கேள்விக்குப் பதில் சிதைந்து வருகிறது, அதாவது முதலில் சந்தேகிக்க வேண்டியது கேபிளையும் தொடுமுனையையும்தான். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த பஞ்சால் முதலில் துடையுங்கள், ஏனென்றால் உப்பு ஆல்கஹாலில் கரையாது. அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகிப் பாருங்கள்.