விபத்தில் காயமடைந்தவருக்குத் துணையிருக்கும் குடும்பத்தார்: உதவிகளும் உரிமைகளும்

சாலை விபத்தில் பலத்த காயமடைந்தவரைச் சென்னை மருத்துவமனை ஒன்றில் சேர்த்ததும், உடன் வந்தவர்கள் முதலில் அலைவது பணத்துக்காகத்தான். ஆனால் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளானவர் எந்த மாநிலத்தவராயினும், காப்பீட்டு அட்டை இல்லாதவராயினும், திட்டத்தில் இணைந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை உச்சவரம்புக்கு உட்பட்டுக் கட்டணமின்றிப் பெறலாம். ஆகவே நகையை அடகு வைக்க ஓடுவதற்கு முன், அம்மருத்துவமனை இத்திட்டத்தில் உள்ளதா என்று கேளுங்கள்.

அதன்பின் தொடரும் சிகிச்சைக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கைகொடுக்கிறது. அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றை உடனே திரட்ட வேண்டும். விவரங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் உள்ளது.

துணையிருப்பவரின் உணவுக்கு, பெரிய அரசு மருத்துவமனை வளாகங்களில் உள்ள அம்மா உணவகங்கள் உதவும். சில அரசு மருத்துவமனைகளை ஒட்டி, நோயாளிகளுடன் வருபவர்களுக்கென மாநகராட்சியின் இரவுத் தங்குமிடங்களும் உண்டு. ஒருவரே எல்லா இரவும் விழித்திருக்காமல் முறை வைத்துக்கொள்வது அவசியம்.

பெரும்பாலான குடும்பங்கள் கோரத் தவறுவது பராமரிப்புக்கான இழப்பீட்டை. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி காயமடைந்தவர் தாக்கல் செய்யும் மனுவில் மருத்துவச் செலவுடன் உதவியாளர் செலவு, போக்குவரத்து, சத்துணவு ஆகியவற்றையும் கேட்கலாம். சம்பளத்துக்கு ஆள் வைக்காமல் மனைவியோ தாயோ பார்த்துக்கொண்டார் என்பதற்காக அந்தத் தொகையை மறுக்கக் கூடாது என்று நீதிமன்றங்கள் கூறியுள்ளன. முழுமையாக முடங்கிப்போன 12 வயதுச் சிறுமியின் வழக்கில், 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், ஒருவருக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரு உதவியாளர்களுக்குக் கணக்கிட்டு, அதன் ஆண்டுத் தொகையை, வயதைப் பொறுத்து அமையும் 18 என்ற பெருக்கெண்ணால் பெருக்கி 21,60,000 ரூபாய் வழங்கியது. வீட்டுப் பெண்களின் உழைப்பைக் கணக்கில் எடுக்காமல் விடும் வழக்கத்துக்கு இது சரியான மறுப்பு என்றே கருதுகிறேன்.

எனவே யார் எந்தெந்த நாளில் உடனிருந்தார், அதனால் எத்தனை நாள் கூலி போயிற்று என்பதை முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி, மருந்துக் கடை ரசீது முதல் ஆட்டோ செலவு வரை சேர்த்து வையுங்கள். முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றுடன், தொடர்ந்து துணை தேவை என்ற மருத்துவரின் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். சென்னையில் இம்மனுக்களைச் சிறு வழக்குகள் நீதிமன்றம் விசாரிக்கிறது. மனுவுக்கு 6 மாதக் கெடுவைச் சட்டம் குறிப்பிடுவதால் தள்ளிப்போட வேண்டாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி கிடைக்கும்.