ஸ்பான்சர் யாருப்பா?

போன வருஷம் ஆகஸ்ட் மாதம். மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூர் அல்சூரில் இருக்கும் எங்கள் விசா ஆலோசனை ஆபீஸுக்கு ஓர் அப்பாவும் மகனும் வந்திருந்தார்கள். கோலார் தங்கவயல்காரர்கள். தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001-ல் சுரங்கத்தை மூடியபிறகு, அப்பா தினமும் ரயிலில் பெங்களூர் வந்து ஏசி மெக்கானிக் வேலை செய்துவிட்டுத் திரும்புகிறார். மகன் ஹோட்டல் மேனேஜ்மென்ட் கடைசி வருஷம்.

"இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா. நாளைக்குள்ள எண்பத்தஞ்சாயிரம் கட்டணுமாம்" என்று போனை நீட்டினார்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு பெரிய ஹோட்டலின் பெயரில் ஆஃபர் லெட்டர். 12 மாத இன்டர்ன்ஷிப், மாதம் 3,200 டாலர், தங்க இடம், மூன்று வேளை சாப்பாடு, 'முழு விசா ஸ்பான்சர்ஷிப்'. அடியில் வட்ட முத்திரை. அதற்கும் அடியில் பொடி எழுத்தில், விசா ஸ்பான்சர்ஷிப் கட்டணத்தை 48 மணி நேரத்துக்குள் கட்ட வேண்டும், பிறகு திருப்பித் தரப்படும் என்றிருந்தது. பணம் போக வேண்டிய கணக்கு, ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்கு. அமெரிக்க ஹோட்டலுக்கு எதற்கு இங்கே ஒருவருடைய பாஸ்புக் என்று அப்பாவுக்கே உறுத்தியிருக்கிறது. அதனால்தான் அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

நான் மகனிடம் கேட்டது ஒன்றுதான். "தம்பி, இதுல ஸ்பான்சர் யாருப்பா?"

"ஹோட்டல்தான் மேடம்."

விசா ஃபைல்களோடு பதினொரு வருஷம் குப்பை கொட்டியாயிற்று. இந்தப் பதிலைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். 'ஸ்பான்சர்' என்றால் நம் ஊரில் செலவை ஏற்றுக்கொள்பவர் என்று அர்த்தம். கோவில் அன்னதானத்துக்கு ஸ்பான்சர், கிரிக்கெட் டீமுக்கு ஸ்பான்சர். விசா விஷயத்தில் அந்த வார்த்தைக்கும் செலவுக்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம். அங்கே ஸ்பான்சர் என்பது அந்த நாட்டு அரசாங்கத்திடம் உங்களுக்காகப் பொறுப்பேற்று, அதற்குரிய காகிதத்தை வழங்க அதிகாரம் உள்ள அமைப்பு. அது யார் என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். இங்கிருந்து நேராக இன்டர்ன்ஷிப்புக்குப் போகிறவர்களுக்கு உரியது ஜே-1 விசா. கல்லூரியில் படித்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் படிப்பு முடிந்து 12 மாதத்துக்குள் பயிற்சி தொடங்க வேண்டும். அதிகபட்சம் 12 மாதம். இதில் பயிற்சி தரும் ஹோட்டல் பெரும்பாலும் ஸ்பான்சராக இருக்காது. அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர் அமைப்புகள் என்று தனியாக இருக்கின்றன, பட்டியல் அந்தத் துறையின் தளத்திலேயே கிடைக்கும். டி.எஸ்.-2019 என்ற படிவத்தைத் தருவது அவர்கள்தான். அது கையில் இல்லாமல் தூதரக வாசலைக்கூட மிதிக்க முடியாது.

அதற்கு முன்னால் வரவேண்டியது டி.எஸ்.-7002 என்னும் பயிற்சித் திட்டம். என்னைக் கேட்டால் ஆஃபர் லெட்டரைவிட இதுதான் முக்கியம். எந்தத் துறையில் எத்தனை வாரம், யார் மேற்பார்வை, என்ன கற்றுக்கொள்ளப் போகிறாய் என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். மாணவர், பயிற்சி தரும் இடம், ஸ்பான்சர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஹோட்டல் துறையில் ஆறு மாதமோ அதற்கு மேலோ பயிற்சி என்றால், குறைந்தது மூன்று பிரிவுகளிலாவது சுழற்சி முறையில் வேலை தர வேண்டும் என்று விதியே இருக்கிறது. வருஷம் முழுக்க ஒரே இடத்தில் பாத்திரம் கழுவ வைப்பதற்குப் பெயர் இன்டர்ன்ஷிப் இல்லை.

தம்பியிடம் அப்படி ஒரு காகிதம் இருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் அங்க போனப்புறம் தருவாங்களாம்" என்றான். நேர்காணல்? வாட்ஸ்அப்பில் அரை மணி நேர சாட்.

சரி, நாமே கேட்டுவிடலாம் என்று ராத்திரி ஒன்பதரைக்கு ஹோட்டலுக்குப் போன் போட்டேன். கிழக்குக் கரையில் அப்போது பகல் பன்னிரண்டு. கடிதத்தில் இருந்த எண்ணுக்குக் கூப்பிடவில்லை. ஹோட்டலின் பெயரைத் தேடி, அவர்களுடைய சொந்தத் தளத்தில் இருந்த வரவேற்பு எண்ணுக்குக் கூப்பிட்டு, மனிதவளப் பிரிவுக்கு மாற்றச் சொன்னேன். அந்தப் பெண் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "இந்த வாரம் நீங்கள் மூன்றாவது ஆள்" என்றார். கடிதம் வந்த மின்னஞ்சல் முகவரியை அப்புறம் உற்றுப் பார்த்தால், ஹோட்டலின் பெயருக்கு நடுவே ஒரு சின்னக் கோடு கூடுதலாக இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைச் சொன்னால் சிலர், "காசு கேட்டாலே மோசடிதான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதுவும் சரியில்லை. அங்கீகாரம் பெற்ற ஜே-1 ஸ்பான்சர்களும் கட்டணம் வாங்குகிறார்கள், அது சட்டப்படியானது. வெளிநாட்டு மாணவர், பயிற்சியாளர் விவரங்களைப் பதிவு செய்யும் முறைக்கு, செவிஸ் கட்டணம் என்று 220 டாலர் தனியாக உண்டு, அதை அமெரிக்க அரசின் தளத்தில் நீங்களே கட்டலாம். பார்க்க வேண்டியது, பணம் யார் பெயருக்குப் போகிறது, எதற்கு ரசீது, கட்டுவதற்கு முன் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்பதைத்தான். கட்டணங்கள் அடிக்கடி மாறும். ஏஜெண்ட் சொல்லும் தொகையை அரசுத் தளத்தில் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

பிரிட்டன் கதை வேறு. அங்கே ஸ்பான்சர் தருவது 'சர்டிஃபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப்'. பெயர்தான் சர்டிஃபிகேட், உண்மையில் அது கணினியில் உருவாகும் ஒரு எண். அரசு உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியல் பொதுவில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் தேடலாம். எங்களிடம் ஒருவர் தங்க நிறப் பார்டரும் அரச முத்திரையும் போட்ட சர்டிஃபிகேட்டை லேமினேட் செய்தே கொண்டுவந்தார். அந்த அழகே காட்டிக்கொடுத்துவிட்டது.

ஜெர்மனி, எஞ்சினியரிங் பிள்ளைகளுக்கு நான் அதிகம் சொல்லும் வழி. இங்கே படித்துக்கொண்டே படிப்புத் தொடர்பான இன்டர்ன்ஷிப்புக்கு 12 மாதம் வரை போகலாம், ஆனால் நான்கு செமஸ்டர் முடிந்திருக்க வேண்டும். அங்குள்ள அரசு வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதலும் வேண்டும். பயிற்சி உங்கள் படிப்போடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள் என்பதால், கல்லூரித் துறைத் தலைவரிடம் ஒழுங்கான கடிதம் வாங்குங்கள். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) தரும் வைஸ் (WISE) உதவித்தொகை இந்திய அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கென்றே இருக்கிறது. பேராசிரியருக்கு நீங்களே எழுதி அழைப்பு வாங்க வேண்டும். ஜப்பானில் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சி இன்டர்ன்களுக்கு விமானச் செலவையும் தங்குமிடத்தையும் தானே ஏற்கிறது. இதில் எங்கேயும் ஏஜெண்டுக்கு வேலை இல்லை. எங்கள் தொழிலையே நான் கெடுத்துக்கொள்கிறேன் என்று பார்ட்னர் திட்டுவார், பரவாயில்லை.

ஏற்கெனவே அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகள் வீடியோ காலில் புலம்புவது இன்னொன்று. விண்ணப்பத்தில் "இப்போதோ பிற்காலத்திலோ விசா ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா?" என்று ஒரு கேள்வி வருகிறது. ஆமாம் என்று போட்டால் கதவு மூடுகிறது, இல்லை என்று போட்டால் பொய்யாகிவிடுமோ என்று பயம். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர், பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடித்தபின் சி.பி.டி. மூலம், அதாவது படிப்பின் பகுதியாகச் செய்யும் பயிற்சிக்கான அனுமதி மூலம், இன்டர்ன்ஷிப் போகலாம். அனுமதி தருவது கல்லூரி, அது மாணவருக்குத் தரும் ஐ-20 படிவத்தில் அது பதிவாகும். கம்பெனி அரசாங்கத்துக்கு விண்ணப்பம் போடவோ பணம் கட்டவோ வேண்டாம். சின்னக் கம்பெனிகளுக்கு இது தெரிவதில்லை. அதனால் கேள்விக்கு உண்மையான பதிலைப் போட்டுவிட்டு, கவர் லெட்டரில் இரண்டு வரி சேர்க்கச் சொல்வேன்: இந்த இன்டர்ன்ஷிப்புக்கு உங்கள் ஸ்பான்சர்ஷிப் தேவையில்லை, என் பல்கலைக்கழகமே அனுமதி தரும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். முழுநேர சி.பி.டி.யை 12 மாதம் பயன்படுத்திவிட்டால், அதே படிப்பு நிலைக்கான ஓ.பி.டி., அதாவது பெரும்பாலும் படிப்பு முடிந்தபின் அங்கே வேலை பார்க்கத் தரும் அனுமதி, கிடைக்காது. அவசரத்தில் இதை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி நம்ம ஊர் ஏஜெண்டுகள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அப்படிப் பதிவு பெற்றவர்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் உண்டு. அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று வரம்பு இருக்கிறது. படிப்பு ஆலோசனை தருபவர்களுக்கு அந்தப் பதிவு தேவையில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில்தான் 'இன்டர்ன்ஷிப் கன்சல்டன்சி' போர்டுகள் தொங்குகின்றன. கேட்டால் படிப்பு என்பார்கள், காசு வாங்கும்போது வேலை என்பார்கள்.

"முதல்ல டூரிஸ்ட் விசால போங்க, அங்க மாத்திக்கலாம்" என்று யார் சொன்னாலும், அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். 2022-ல் தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று நம்பிப் போன இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கொண்டுபோய், ஆன்லைன் மோசடி வேலையில் அடைத்துவைத்தார்கள். மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பையன்களும் இருந்தார்கள். வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை அறிக்கையே வெளியிட்டது.

பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும்முன் முடக்க வாய்ப்பு உண்டு.

தங்கவயல் தம்பி பணம் கட்டவில்லை. படிப்பை முடித்து, பெங்களூரிலேயே ஒரு ஹோட்டல் கிச்சனில் எட்டு மாதம் வேலை பார்த்துக்கொண்டே முறையான ஸ்பான்சர் வழியாக விண்ணப்பித்தான். டி.எஸ்.-7002 வந்த அன்று சாயங்காலம் ஆபீஸில் உட்கார்ந்து மூவரும் வரி வரியாகப் படித்தோம். கார்டு மேஞ்சர், பேக்கரி, பேங்க்வெட் என்று மூன்று பிரிவுகள். "கார்டு மேஞ்சர்னா என்னம்மா?" என்று அப்பா கேட்டார்.

"சாலட், குளிர்ந்த ஐட்டமெல்லாம் செய்யற இடம்பா" என்றான் மகன்.

"அதுக்கு அமெரிக்கா போவணுமா?" என்று சிரித்துக்கொண்டே, அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னார்.