துரத்தாமல் ஓட்டும் நாய்

இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் பிரிக்கும் எல்லைக் குன்றுகளிலும் வேல்ஸ் மலைச்சரிவுகளிலும் உள்ள செம்மறியாட்டுப் பண்ணைகள் சில, மந்தை ஓட்டும் நாய்கள் வேலை செய்வதை நேரில் காணப் பார்வையாளர்களை அனுமதிக்கின்றன. குரைப்பும் விரட்டலுமாக இருக்கும் என்று எண்ணிச் செல்பவர்களுக்கு அங்கு நடப்பது வியப்பளிக்கும். பார்டர் கோலி இன நாய் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. மேய்ப்பரின் காலடியிலிருந்து புறப்பட்டு, ஆடுகளை நோக்கி நேராக ஓடாமல், அகன்ற வளைவில் சுற்றிச் சென்று மந்தைக்குப் பின்னால் நிற்கிறது. அதன் பிறகு தலையைத் தாழ்த்தி, வாலைப் பின்னங்கால்களுக்கிடையே தொங்கவிட்டு, ஒரு முன்னங்காலைத் தரையில் ஊன்றாமலே நிறுத்தி வைத்துக்கொண்டு, கண் இமைக்காமல் ஆடுகளைப் பார்க்கிறது. ஆடுகள் மேய்வதை நிறுத்தித் தலை தூக்குகின்றன. பிறகு ஓட்டமில்லாமல், நடையாகவே, மேய்ப்பர் இருக்கும் திசையில் நகரத் தொடங்குகின்றன.

இது வேட்டைதான், பாதியில் நிறுத்தப்பட்ட வேட்டை. ஓநாய் இரையைக் கண்டதும் உற்று நோக்கும், பதுங்கி நெருங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் காப்பிங்கர், நாயினங்களின் வேறுபாட்டை இந்தத் தொடரின் கண்ணிகளைக் கொண்டே விளக்கினார். மந்தை ஓட்டும் நாய்களில் உற்று நோக்கலும் பதுங்கலும் துரத்தலும் மிகுந்து நிற்கின்றன. கவ்வுவதும் கொல்வதும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்ததில் அடங்கிப்போயின. மந்தையைக் காவல் காக்கும் நாய்களிடமோ இத்தொடரின் எந்தக் கண்ணியும் வலுவாக வெளிப்படுவதில்லை. அதனால்தான் அவை ஆடுகளோடு ஆடுகளாகப் படுத்துக்கிடக்க முடிகிறது.

வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் 1893-இல் பிறந்த ஹெம்ப் என்ற நாய், இன்றைய பார்டர் கோலிகள் ஏறத்தாழ அனைத்தின் மூதாதை. அதன் தந்தை சாதுவானது, பார்வையில் வேகம் குறைந்தது. தாயோ கூச்ச சுபாவமும் கடும் பார்வையும் கொண்டது. இரண்டுக்கும் நடுவே வந்து வாய்த்த ஹெம்ப், ஆடுகளை அலைக்கழிக்காமல் அமைதியாக ஓட்டியதால் பலரும் அதன் குட்டிகளை நாடினர். மந்தை ஓட்டும் நாயினங்களில், கருவளர்ச்சியின்போது நரம்பிழைகள் உரிய இடம் தேடிச் சென்று இணைவதை வழிநடத்தும் மரபணுக்களை ஒட்டித் தனித்த வேறுபாடுகள் இருப்பதை 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பயிற்சியே இல்லாத குட்டிகூட ஒரு கோழிக்கூட்டத்தைக் கண்டால் பதுங்குவதற்கு, மூளை உருவாகும் விதமும் ஒரு காரணமாக இருக்கலாம் என எண்ண இது இடமளிக்கிறது.

எனினும் நாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாதிதான் விளங்கும். செம்மறியின் கண்கள் தலையின் பக்கவாட்டில் உள்ளன. கண்மணி கிடைமட்டக் கீற்றாக இருக்கிறது. ஆடு மேயத் தலையைக் குனியும்போது, அக்கீற்று தரைக்கு இணையாகவே இருக்கும்படி கண் தன் குழிக்குள் சுழல்கிறது. ஆகவே மேய்ந்தபடியே, பின்புறத்தில் ஒரு குறுகிய பகுதி தவிரச் சுற்றுப்புறம் முழுவதையும் அது கவனிக்கிறது. ஒவ்வோர் ஆட்டைச் சுற்றியும், அபாயம் நுழைந்தால் அது விலகத் தொடங்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையின் விளிம்பைத் தொட்டால் ஆடு நடக்கும்; ஆழமாக நுழைந்தால் தெறித்து ஓடும், அல்லது திரும்பி நின்று முன்காலால் தரையை உதைத்து நாயை எதிர்க்கும். நாய் ஆட்டின் தோளுக்குப் பின்னால் வந்தால் ஆடு முன்னே போகும், தோளைத் தாண்டி முன்னால் வந்தால் பின்வாங்கும். நல்ல நாயின் திறமை வேகத்தில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த விளிம்பை விடாமல் தொட்டுக்கொண்டிருப்பதில் இருக்கிறது.

அபாயம் வந்தால் ஆடுகள் சிதறாமல் ஏன் நெருங்கி ஒட்டுகின்றன? கூட்டத்தின் ஓரத்தில் நிற்பதே முதலில் பிடிபடும் என்பதால் ஒவ்வொன்றும் தன்னலத்தோடு நடுவிடத்தைத் தேடுகிறது என்று 1971-இல் உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டன் விளக்கம் தந்தார். ஆஸ்திரேலியாவில் 46 ஆடுகளுக்கும் மந்தை ஓட்டும் கெல்ப்பி இன நாய் ஒன்றுக்கும் ஜிபிஎஸ் கருவி பொருத்திப் பார்த்த ஆய்வாளர்கள், நாய் நெருங்கியதும் ஆடுகள் மந்தையின் மையத்தை நோக்கியே நகர்ந்ததை 2012-இல் அறிவித்தனர். அத்தரவுகளைக் கொண்டு 2014-இல் ஆய்வாளர் டேனியல் ஸ்ட்ரோம்பொம் குழுவினர் நாயின் வேலையை இரண்டே விதிகளில் அடக்கினர்: மந்தை சிதறியிருந்தால் விலகி நிற்கும் ஆட்டைச் சேர், சேர்ந்திருந்தால் பின்னால் நின்று முன்னே தள்ளு. கணினியில் இவ்விரு விதிகளை மட்டும் பின்பற்றிய நாய், மந்தைக்குப் பின்னால் இடமும் வலமுமாக மாறி மாறி அலைந்தது. பண்ணையில் பார்க்கும் அந்த அலைச்சலை யாரும் தனியே கற்பிக்க வேண்டியதில்லை.

அப்படியானால் மேய்ப்பருக்கு என்ன வேலை? மந்தை எங்கே போகவேண்டும் என்பது நாய்க்குத் தெரியாது. இயல்பாக அது மந்தைக்கு அப்பால், மேய்ப்பருக்கு நேர் எதிரே நிற்க விரும்பும். எனவே ஆடுகளை அவரிடம் கொண்டுவருவது அதற்கு எளிது. மற்றபடி மேய்ப்பரின் கட்டளைதான் வழிகாட்டும்: ‘கம் பை’ என்றால் மந்தையைக் கடிகாரச் சுற்றிலும், ‘அவே’ என்றால் எதிர்ச்சுற்றிலும் சுற்றவேண்டும். தொலைவில் குரல் எட்டாதபோது சீழ்க்கை இவற்றுக்கு ஈடாகும். கடினமானவை, நாயின் இயல்புக்கு எதிரான வேலைகள்தாம். மேய்ப்பரிடமிருந்து ஆடுகளை அப்பால் ஓட்டிச் செல்வதை மாதக்கணக்கில் பழக்கவேண்டும். மந்தைக்கு நடுவே பாய்ந்து சில ஆடுகளைத் தனியே பிரிப்பது அதைவிடச் சிரமம். சேர்ப்பதற்கென்றே பிறந்த விலங்கைப் பிரிக்கச் சொல்கிறோம் அல்லவா!

ஆடுகளைப் பட்டியில் அடைக்கும்போது மேய்ப்பரும் களத்தில் இறங்கிவிடுகிறார். ஒரு கையில் கதவின் கயிறும் மறு கையில் கோலுமாக அவர் ஒரு பக்கம் நிற்க, மறுபக்கம் நாய் அங்குலம் அங்குலமாக நெருங்குகிறது. ஆட்டின் கணக்கில் இருவரும் ஒன்றுதான். யார் ஓரடி கூடுதலாக வைத்தாலும் அந்தப் பக்கத்து அழுத்தம் ஏறி, மந்தை வாசலை விட்டு விலகிவிடும். வேடிக்கை பார்ப்பவர்களைப் பட்டி வாசலுக்கு நேர் பின்னால் நிற்க விடாததும் இதனால்தான். அங்கே மனிதர்கள் நின்றால் எந்த நாயாலும் ஆடுகளை உள்ளே அனுப்புவது அரிது.