கஞ்சி தண்ணியாக இருந்தால் கலப்படம் இல்லை அய்யா!

போன வாரம் குமாரபாளையம் பக்கம் மறுபடியும் ஒரு பீம் (பாவு நூல் சுற்றிய உருளை) பஞ்சாயத்து. 40ஆம் நம்பர் பருத்திப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்; தறியில் ஏற்றிய நாளிலிருந்தே இழை அறுந்துகொண்டே இருக்கிறதாம். போய்ப் பார்த்தால் தறிக்கு அடியில் கோலமாவு கொட்டியதுபோல வெள்ளைப் பொடி. நான் கேட்கும் முன்பே சைசிங் போட்டவர் (நெய்யும் முன் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றுகிறவர்) சொல்லிவிட்டார்: "புது மாவு தண்ணியாட்டம் இருந்துதுங்க. ஏமாத்திப்போட்டாங்கன்னு அரை மூட்டை குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவைச் சேத்துப்போட்டேன்."

இந்த வருஷத்தில் இது நான்காவது கேஸ்.

அய்யா, அது தின் பாயிலிங் மாவு. தண்ணியாக ஓட வேண்டும் என்றுதான் அதை ஆசிட்டில் பக்குவப்படுத்தி அனுப்புகிறார்கள். கெட்டி வேறு, சத்து வேறு. நூறு லிட்டருக்குப் பத்து கிலோ சாதா மாவைக் காய்ச்சினால் களியாக நிற்கும். பக்குவப்படுத்திய மாவு அதே பத்து கிலோவுக்கு ரசம்போல ஓடும். இரண்டிலும் இருக்கும் மாவு பத்து கிலோதான்! ரசமாக இருப்பது நூலுக்குள் இறங்கிப் பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். களி வெளியே அப்பிக்கொண்டு, தறியில் நூல் நுழைந்து ஓடும் விழுதும் அச்சும் உரச உரச உதிரும். வேட்டிக்குக் கஞ்சி போட்டுப் பழகிய நமக்கு விறைப்பாக இருந்தாலே பலம் என்று நினைப்பு. பாவு நூல் என்ன, பெட்டியில் மடித்து வைக்கும் வேட்டியா? நாளெல்லாம் ஏறி இறங்குகிறது. வளையாத கஞ்சி உடைகிறது, கூடவே நூலும் போகிறது. சாயம் போடும் முன் கஞ்சியைக் கழுவி எடுப்பார்கள்; அந்த அரை மூட்டையும் கடைசியில் சாயப்பட்டறைக் கழிவில்தான் சேரும். பிஓடி (கழிவுநீரின் மாசு அளவு) ஏறினால் திட்டு வாங்குவது அவர்கள்.

விரலில் தொட்டு இழுத்துப் பார்ப்பதை இனியாவது விடுங்கள். கஞ்சியில் உள்ள திடப்பொருளை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர், எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்க ஓட்டக் கோப்பை. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. நூல் கஞ்சியில் முங்கும் பாக்ஸில் சூடு 85 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. நேரடி ஸ்டீம் விடுகிறவர்கள் அதிலிருந்து சேரும் தண்ணீரையும் கணக்கில் எடுங்கள்; இதை மறக்காத ஆளை நான் பார்த்தது குறைவு. ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய கஞ்சியைத் திங்கட்கிழமை ஓட்டாதீர்கள்.

"கெமிக்கல் மாவு சாயத்தில் தொல்லை கொடுக்குமே" என்கிறார்கள். தின் பாயிலிங் மாவு, கஞ்சியை எடுக்கப் போடும் என்சைமுக்கு ஒழுங்காகக் கரையும். தொல்லை, சொல்லாமல் சேர்க்கும் பிவிஏ என்ற செயற்கைப் பசையால். பாலியெஸ்டர் கலந்த நூலுக்கு வெறும் மாவு சரியாக ஒட்டாது, பிவிஏ தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அமைலேஸ் என்ற அந்த என்சைம் மாவை மட்டும்தான் தின்னும். பிவிஏ போக நல்ல சூடான தண்ணீரில் கழுவ வேண்டும். இது தெரியாமல் என்சைமோடு நிறுத்தினால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும்; பழி சாயக்காரர் தலையில்.

அதனால் தயவுசெய்து பீம் சீட்டில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: என்ன மாவு, எத்தனை கிலோ, பிவிஏ உண்டா இல்லையா. மாவு மேல் சந்தேகமா? இன்னொரு மூட்டையைப் பிரிக்கும் முன் எனக்கு ஒரு போன் போடுங்கள், ராத்திரி பத்து மணியானாலும் எடுப்பேன்.