தன்பாலீர்ப்பு: சொல் விளக்கம்

ஆணுக்கு ஆண்மீதும் பெண்ணுக்குப் பெண்மீதும் இயல்பாக எழும் காதலையும் நாட்டத்தையும் குறிக்கும் சொல் ‘தன்பாலீர்ப்பு’. இது தன், பால், ஈர்ப்பு எனப் பிரியும். ஆண்பால், பெண்பால் என்று இலக்கண வகுப்பில் படித்த அதே ‘பால்’தான் இங்கும் வருகிறது. ‘என்பால் அன்பு கொண்டார்’ என்னும் வழக்கை நினைத்து, தன்னைத் தானே விரும்புவது என்று இதற்குப் பொருள் கொள்வோரும் உண்டு. ‘ஒருபாலீர்ப்பு’ என்றால் அந்த மயக்கம் வராது. ஆனாலும் தன்பாலீர்ப்பே வழக்கில் ஊன்றிவிட்டது.

இதன் மூலமான ‘ஹோமோசெக்சுவல்’ என்ற சொல்லை, ‘ஒத்த’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் ‘பால்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லையும் இணைத்து ஆக்கியவர் கார்ல் மரியா கெர்ட்பெனி. இத்தகையோரைத் தண்டித்த பிரஷ்யச் சட்டத்தை எதிர்த்து 1869இல் அவர் வெளியிட்ட சிறுநூலில் அது அச்சேறியது. உரிமைக்காக வாதாடப் பிறந்த அச்சொல் தமிழில் ‘ஓரினச்சேர்க்கை’ ஆனபோது ‘பால்’ இனமாக மாறியது. மூலத்தில் இல்லாத ‘சேர்க்கை’யும் வந்து ஒட்டிக்கொண்டது. மே, ஜூன் மாதங்களில் நாகர்கோவில் சுவர்களில் ‘மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது’ என்று கூச்சமின்றி வாசிக்கிறோம். அதே சொல் இங்கே ஒரு மனிதரின் அன்பு, ஏக்கம், துணை எல்லாவற்றையும் மறைத்துப் படுக்கையை மட்டும் காட்டுகிறது. அதனாலேயே அதை நான் தவறான மொழிபெயர்ப்பு என்கிறேன்.

குமரி மாவட்டத்துப் பேச்சில் இதற்கு நேரான சொல் எளிதில் கிடைக்காது. ‘அவன் ஒரு மாதிரியாக்கும்’ என்று குரலைத் தாழ்த்திச் சொல்வதே வழக்கம். கோயில் கொடையிலும் தேவாலயத் திருவிழாவிலும் எல்லாரும் எல்லாரையும் அறிந்திருக்கும் ஊர்களில், தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ள ஒரு சொல் இல்லாதவர் தன்னைப் போன்ற இன்னொருவரை எப்படித் தேடுவார்? அமைப்பாகத் திரள்வதற்கு முன்பே பெயர் தேவைப்படுகிறது. நம் பகுதிக்கு இது புதிய செய்தியன்று: நாடார் சமூகத்தார் தாம் விரும்பிய பெயரை அரசு ஏடுகளில் ஏற்கச்செய்ய நெடுங்காலம் போராடி, 1921இல் சென்னை மாகாணத்தில் அதைப் பெற்றனர். சென்னையில் இத்தகையோருக்காக இயங்கும் குழுவொன்று, சேர்க்கை இல்லாத ‘ஓரினம்’ என்னும் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டதும் அத்தகைய செயலே.

தன்பாலீர்ப்பு கொண்டோர் உள்ளிட்டோரின் உரிமைக்கான வானவில் பேரணி சென்னையில் முதன்முதலாக 2009இல் நடந்தது. வயதுவந்தோர் இசைந்து வாழும் உறவை, அதைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து உச்ச நீதிமன்றம் விடுவித்தது 6.9.2018 அன்று. மதிப்புக்குரிய சொற்களைத் தொகுக்கும் பணியைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கு முன்னெடுத்தது. தமிழக அரசு 2022இல் சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.

ஆளைக் குறிக்க ‘தன்பாலீர்ப்பாளர்’ அல்லது ‘தன்பாலீர்ப்பு கொண்டவர்’ என எழுதலாம். ‘திருநர்’ என்பது, பிறப்பில் குறிக்கப்பட்ட பாலிலிருந்து வேறான பாலின அடையாளம் கொண்டவரைக் குறிக்கும் வேறொரு சொல் என்பதால், இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதலாகாது.